லாமாத்தைத் தின்ற ஊர்

மழை பொய்த்த இரண்டு வருடங்களில் ஓஷ்டேயின் நாற்பத்து மூன்று வீடுகளும் லாமாத் என்ற ஒரே ஆளைத் தின்றுதான் பிழைத்தன. அவனை வேகவைத்துத் தின்றார்கள், தணலில் சுட்டுத் தின்றார்கள், துருவிப் பிழிந்து வெயிலில் காயவைத்து மாவாக்கியும் தின்றார்கள். பல் முளைக்காத பிள்ளைகளுக்குக் கஞ்சியாகக் காய்ச்சி ஊட்டினார்கள். சுற்றுவட்டாரத்தில் மூன்று ஊர்கள் ஆளில்லாமல் போன அந்தச் சமயத்தில் ஓஷ்டேயில் செத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ரொம்ப வயதானவர். இன்னொருவரைப் பாம்பு கடித்திருந்தது. ஊரார் லாமாத்தைத் தின்பதில் அவன் மனைவி இஷ் முலுக்குக்கு வருத்தம் ஏதும் இருக்கவில்லை. தினமும் காலையில் அவனை வெட்டிக் கூடைகளில் போட்டுக் கொடுத்ததே அவள்தான்.

லாமாத் ஊரை விட்டுப் போனது அந்த வறட்சிக்கு நாலு வருடம் முன்பு. நடவுக் காலத்தில் மேட்டு நகரத்திலிருந்து இரண்டு காவலர்கள் ஈட்டியோடு வந்தார்கள். அங்கே ராஜா தன் தகப்பனாரின் கல்லறைக் கோபுரத்தின் மேல் இன்னும் நாலு அடுக்கு ஏற்ற நினைத்திருந்தார். கல் சுமக்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஊர்த்தலைவர் சிக்சானுக்கு மூன்று மகன்கள். மூன்று பேருக்குமே அன்று விடிந்ததிலிருந்து காய்ச்சல். சிக்சான் தரையைப் பார்த்துக்கொண்டே, பிள்ளை குட்டி இல்லாத ஆள் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிக் காவலர்களைச் சரிவுப் பக்கம் கூட்டிப் போனார்.

அங்கே லாமாத் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தான். சரிவை ஒட்டி மண்ணை நீளநீளமாக மேடு கட்டி, கண்ணாடிக்கல் கத்தியால் தண்டைச் சாண் சாணாக நறுக்கி, ஒவ்வொரு கரணையாகப் படுக்கவைத்து மூடிக்கொண்டு போனான். அந்த நாட்டில் சாமி இருப்பது சோளத்துக்குத்தான். மனிதர்களையே சோளமாவைப் பிசைந்துதான் செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மரவள்ளிக்குச் சிலை கிடையாது, திருநாள் கிடையாது. தோண்டிய மூன்றாம் நாள் அது கறுத்துப்போகும் என்பதால் அரண்மனை ஆட்களும் அதைக் கேட்பதில்லை. ஓஷ்டேக்காரர்கள் அதை நட்டதே அதற்காகத்தான். மண்ணுக்குள் கிடக்கிற வரைக்கும் அது யார் கண்ணிலும் படாது.

காவலன் ஒருவன் அவசரப்படுத்தினான். லாமாத் நிமிரவில்லை.

"இன்னும் ஆறு கரணை இருக்குய்யா. நறுக்கினது வெயில்ல காஞ்சா முளைக்காது. உனக்குத் தெரியாததா?"

"எங்கப்பனும் இதையேதான் சொல்லும்" என்று காவலன் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு மேட்டில் உட்கார்ந்தான்.

கடைசிக் கரணையை லாமாத் வீட்டுப் பின்சுவரை ஒட்டிப் புதைத்தான். கையைக் கழுவினான். சுமை தூக்கும் நெற்றிப்பட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வாசலில் நின்ற முலுக்கிடம், "பத்து மாசத்துல தோண்டிடு. விட்டா நாரு ஏறிடும்" என்றான். அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். அடுத்த வீட்டிலிருந்து அவன் அக்கா இஷ் கபான் ஓடிவந்து மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள். முலுக்கும் அழப்போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவளும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றாள். வரவில்லை. உள்ளே போய், ஊறவைத்த சோளத்தைக் கழுவி அம்மியில் அரைத்தாள். இரண்டு பேருக்கு அரைத்துவிட்டது பிறகுதான் தெரிந்தது. அதிகப்பட்டதை வான்கோழிக்குப் போட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் மரத்துப்போனது. மிளகாய் உறைக்கவில்லை. அடுப்பில் காய்ந்த மண் ஓட்டில் கை பட்டுத் தோல் சுருங்கியது. கருகிய வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தாள். கபானின் இரண்டு பிள்ளைகள் முற்றத்தில் விழுந்து புரண்டு சிரித்தால் அவளும் வாயை அகலமாக்குவாள், சிரிப்பு இப்படித்தான் இருக்கும் என்ற ஞாபகத்தில். வயலுக்குப் போவாள், வருவாள், படுப்பாள். மேட்டு நகரத்திலிருந்து உப்பு கொண்டுவருகிறவர்களிடம் முதல் வருடம் லாமாத்தைப் பற்றி விசாரித்தாள். அங்கே ஐயாயிரம் பேர் கல் சுமக்கிறார்கள், எல்லோர் முகமும் வெள்ளைத் தூசியாக இருக்கிறது, யார் யாரென்று எப்படிச் சொல்வது என்றார்கள். அடுத்த வருடம் அவள் விசாரிக்கவில்லை. உப்பு மட்டும் வாங்கினாள்.

பத்து மாதத்தில் மற்ற மேடுகளையெல்லாம் தோண்டினாள். பின்சுவரை ஒட்டிய கடைசிச் செடியைப் பிடுங்கியபோது மட்டும் தண்டு கையோடு வந்தது, கிழங்கு வரவில்லை. அது வீட்டுப் பக்கமாக ஓடியிருந்தது. மண்ணைப் பறித்துக்கொண்டே போனாள். ஒரு முழம், இரண்டு முழம், பிறகு சுவர். சுவருக்கு அடியில் அது உள்ளே போய்விட்டிருந்தது. எலி தின்னாமல் இருந்தால் சரி என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் வீட்டின் களிமண் தரை நடுவில் மேடு தட்டியது. முதலில் தண்ணீர்ப் பானை சாய்ந்தது. பிறகு பாய் சரியாக விரியவில்லை. மழை நிற்பதற்குள் தரை நீளவாக்கில் வெடித்து, ஆள் படுத்திருக்கிற அளவுக்கு எழும்பி நின்றது.

செத்தவர்களை வீட்டுத் தரைக்குள்தான் புதைப்பார்கள் என்பதால், இப்படித் தரை எழும்பினால் அக்கம்பக்கத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. கபான் வந்தாள். சிக்சான் வந்தார். நாள் கணக்கு பார்க்கும் உக் என்ற கிழவர் தன் விதைப் பையோடு வந்தார். தரையைப் பெயர்த்தார்கள். உள்ளே ஒரு மரவள்ளிக் கிழங்கு கிடந்தது. ஆள் உருவம் என்று சொல்ல முடியாது. கை கால் இல்லை, முகம் இல்லை. இடது பக்கமாக ஒருக்களித்துக் கிடந்தது, அவ்வளவுதான். லாமாத் தூங்குவதும் அப்படித்தான். கபான் குனிந்து அதன் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். சின்ன வயதில் தம்பியை இடுப்பை விட்டு இறக்காதவள் அவள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இது என் தம்பிதான்" என்றாள்.

சிக்சானும் தூக்கிப் பார்த்தார். ஒரு தடவை காலில் கோடாலி பட்ட லாமாத்தைக் காட்டிலிருந்து ஊர் வரைக்கும் அவர் முதுகில் சுமந்து வந்திருக்கிறார். தலையை மட்டும் ஆட்டினார். உக் விதைகளைத் தரையில் பரப்பி நாலு நாலாக எண்ணி, ஆள் செத்தது பதினேழு நாளுக்கு முன்பு என்று தேதி சொன்னார். எடை சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தூரத்தில் செத்தவன் வீட்டுக்கு வர ஏதோ ஒரு வழி பார்த்திருக்கிறான், அவனுக்குத் தெரிந்த வழி இதுதான் என்று பேசிக்கொண்டார்கள். செத்தவர்கள் வாயில் வைக்கிற சோளமாவுருண்டையை, வாய் இல்லாததால் கிழங்கின் மேல்முனையில் அப்பினார்கள். அவனுடைய சுரைக்குடுவையைப் பக்கத்தில் வைத்தார்கள். குங்கிலியம் புகைத்தார்கள். களிமண் குழைத்துத் தரையை மூடினார்கள். கபான் மூன்று நாள் தொண்டை கட்டும்வரை அழுதாள். முலுக் வந்தவர்களுக்குக் கூழ் காய்ச்சினாள். ராத்திரி புருஷனுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தாள். தரை கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. அது நன்றாக இருந்ததா இல்லையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் எப்போதும்போல் போயிற்று. அதற்கடுத்த வருடம் மழை வரவில்லை. சோளம் முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது. அவரைக்கொடி பூக்கவேயில்லை. ஊரில் இருந்த மரவள்ளி மேடுகளையெல்லாம் தோண்டித் தின்று தீர்த்தார்கள். கரணைக்கு வைத்திருந்த தண்டின் பட்டையையும் உரித்து வேகவைத்தார்கள். நாய்களை அடித்தார்கள். கபானின் சின்னப் பிள்ளை எழுந்து நடப்பதை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தது. ஒரு காலையில் முலுக் எழுந்தபோது தரை மறுபடியும் வெடித்திருந்தது. லாமாத் பருத்திருந்தான். வெடிப்பில் வெள்ளையாக, ஈரமாகத் தெரிந்தான். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கத்தியை எடுத்துக் கால்மாட்டுப் பக்கம் ஒரு துண்டு வெட்டி, தோலைச் சீவி வேகவைத்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

"எங்கடி கெடச்சுது?" என்றாள் கபான்.

"அவருதான்."

கபான் பாத்திரத்தைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"அவனா?"

"ஆமா மதினி. ஆறிடப் போவுது, குடு."

பிள்ளை தின்றது. சாயங்காலம் எழுந்து நின்றது. மறுநாள் மூன்று வீட்டுக்காரர்கள் கூடையோடு வந்து, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். அதற்கு மறுநாள் பத்து வீடு. ஊர்த்தலைவர் கூட்டம் போட்டார். செத்தவனைத் தின்னலாமா என்று கேள்வி வந்தது. உக் விதைகளை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்: வீட்டுக்குள் கிடக்கிற ஆள் வீட்டுக்காரிக்குச் சொந்தம், அவள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் தின்னும்போது பேர் சொல்லி நன்றி சொல்லிவிட வேண்டும். முலுக்கைக் கேட்டார்கள். "வெட்டிக்கோங்க" என்றாள். கபானுக்குக் கோபம் வந்தது. "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியாடி?" என்று கத்தினாள். முலுக் அதையும் யோசித்துப் பார்த்தாள். இல்லை போலத்தான் தோன்றியது.

காலையில் வெட்டிய இடம் மறுநாள் காலைக்குள் நிரம்பிவிடும். எத்தனை கூடை போனாலும் மிச்சம் இருப்பதன் எடை மாறவில்லை. இதனால் ஊரில் ஒன்றிரண்டு மாற்றங்கள் வந்தன. எல்லோரும் இடது பக்கமாக ஒருக்களித்துத் தூங்கத் தொடங்கினார்கள். கரணை நறுக்கத் தெரியாத பெண்கள்கூடச் சாண் பிசகாமல் நறுக்கினார்கள். ருசி லேசாக இனிப்பு, எல்லோருக்கும் ஒரே மாதிரி. சிக்சானுக்கு மட்டும் கசந்தது. கசக்கிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் தன் பங்கை வாங்கி, லாமாத் பேரைச் சொல்லி, ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்றார். காய்ச்சல் வந்த மூன்று மகன்களும் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்கள். அவர்களுக்கு இனித்தது.

இரண்டு வருடம் கழித்து மழை பெய்தது. அந்த மழை நின்ற வாரத்தில், ஒரு மத்தியானம், முலுக் முற்றத்தில் கிழங்கு துருவிக்கொண்டிருக்கும்போது சரிவிலிருந்து ஓர் ஆள் இறங்கி வந்தான். நெற்றியில் குறுக்கே, சுமைப்பட்டை அழுந்திய இடத்தில், விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம். முதுகு வளைந்திருந்தது. தலைமுடி வெள்ளையா தூசியா என்று தெரியவில்லை. அவன் வேலியோரம் நின்று மூச்சு வாங்கினான். அவள் துருவுவதை நிறுத்திப் பார்த்தாள்.

"முலுக்கு" என்றான்.

"வந்துட்டீங்களா?"

"ம்."

"கை கால் கழுவிட்டு வாங்க."

அவன் கழுவிவிட்டு வந்து உள்ளே உட்கார்ந்தான். மேட்டு நகரத்தில் சோளம் தீர்ந்துவிட்டது, காவலர்களே ஓடிக்கொண்டிருந்தார்கள், நானும் ஓடிவந்துவிட்டேன், பதினோரு நாள் நடை என்றான். சொல்லிக்கொண்டே கையால் தரையைத் தடவினான். நடுவில் எழும்பியிருந்த மேட்டில் கை நின்றது. செத்தவர்கள் இல்லாத வீடு அது, அவனே கட்டியது.

"இதுல யாரு?"

"நீங்கதான்."

அவன் கையை எடுக்கவில்லை. அவள் வேகவைத்த கிழங்கை உப்பும் மிளகாயும் வைத்துக் கொண்டுவந்து வைத்தாள். இதுவும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டே வைத்தாள். சொல்லாமல் விடுவது முறையில்லை என்று தோன்றியது. அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு பசி தாங்காமல் தின்றான். தின்று முடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான். ஏழு வருடத்தில் முதல் தடவையாக வயிறு நிறைந்து உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தான். தரையில் காது பட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"மூச்சு விடுற சத்தம் கேக்குது புள்ள."

"ஆமா. குளிர் மாசத்துல இருமும்."

ஊர் கூடிவிட்டது. கபான் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதாள், பாதியில் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தாள், மறுபடியும் அழுதாள். அவளிடம் அவனைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். அவன் எடை பாதிகூட இல்லை. மீதி எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் அதைப் பேசவில்லை. ஆனால் இவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில் குழப்பம் வந்தது. சடங்கு முடிந்த ஆள். தேதி போட்டாயிற்று. இரண்டு வருடம் பேர் சொல்லித் தின்றும் ஆயிற்று. தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஊரில் அறிவித்துவிடச் சொல்லி லாமாத் ஊர்த்தலைவரிடம் போனான். சிக்சான் அவனை உட்காரவைத்து, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உசுரோட இருக்கேன்னு சொன்னா, மேட்டு நகரத்துக்காரன் எங்கேயிருந்து வந்தேன்னு கேப்பான். ஓடி வந்தவனுக்கு அங்க என்ன பண்ணுவாங்கன்னு உனக்கே தெரியும். செத்தவனா இருக்கறதுல உனக்கென்ன குறை? சோறு இல்லியா, வீடு இல்லியா?"

"நான் என்னத்தைச் சொல்ல, தலைவரே."

"ஒண்ணும் சொல்லாத. அதான் நல்லது."

அப்படியே விட்டுவிட்டார்கள். லாமாத் வயலுக்குப் போனான். ஊர் விருந்தில் அவனுக்கு இலை போடவில்லை. முலுக் வீட்டுத் தரைமேட்டில் செத்தவனுக்கு வைக்கிற படையலை எடுத்துச் சாப்பிட்டான், அது விருந்துச் சாப்பாட்டைவிட அதிகமாகவே இருந்தது. யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "இந்தாப்பா" என்றார்கள், "முலுக்கு வீட்டு ஆளு" என்றார்கள். முலுக் விதவைத் துணியை மாற்றவில்லை. மேட்டுக்கு இந்தப் பக்கம் அவள் பாய், அந்தப் பக்கம் அவன் பாய். ஒரு நாள் அவன், "நான் வந்ததுல உனக்குச் சந்தோசந்தானே?" என்று கேட்டான். அவள் நேர்மையாக யோசித்தாள். கல்லைத் தொட்டால் கல் என்று தெரிகிற மாதிரி, இவன் இருக்கிறான் என்று தெரிந்தது. "இருங்க" என்றாள். அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. கல் சுமந்த இடத்தில் அவனுக்கும் நிறைய மரத்துப்போயிருந்தது.

அடுத்த நடவுக் காலத்தில் மேட்டு நகரம் நிமிர்ந்துகொண்டது. புதிய ராஜா வந்தார், கோபுரத்துக்கு இன்னும் இரண்டு அடுக்கு பாக்கி இருந்தது. ஓடிப்போனவர்களைத் தேடி, தலையில் இறகு செருகிய அதிகாரி ஒருவர் எட்டு ஈட்டிக்காரர்களோடும் மரப்பட்டைத் தாளில் எழுதுகிற ஓர் ஆளோடும் ஓஷ்டேக்கு வந்தார். தாளில் பேர் இருந்தது. முலுக் வீட்டு முற்றத்தில் நின்று அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, தோளில் கரணைக் கட்டோடு லாமாத் வயலிலிருந்து வந்து நேரே அவர் முன்னால் நின்றுவிட்டான். நெற்றிப் பள்ளத்தை மறைக்க வழியில்லை.

"இவன் யாரு?" என்றார் அதிகாரி.

ஈட்டிக்காரர்கள் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். அப்போது சிக்சான் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார்.

"அவன் செத்தவன் ஐயா. செத்து ஆறு வருசமாவுது."

அதிகாரி சிரித்தார். "செத்தவன் கரணை நடுவானா?"

"எங்க ஊர்ல நடுறான். நானே அவனைத் தின்னுருக்கேன் ஐயா. ரெண்டு வருசம். கசப்பு. ஒரு நாள் விடாம கசப்பு." சொல்லும்போது அவர் முதல் தடவையாக லாமாத்தின் முகத்தைப் பார்த்தார். "இவனை அனுப்பி வெச்சவன் நான்."

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கபான் தன் சின்னப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து, "இது நிக்குதே, இது நிக்கறது அவனாலதான், பாத்துக்குங்க" என்றாள். உக் தேதி சொன்னார். நாற்பத்து மூன்று வீட்டு ஆட்களும் எந்தெந்த விதமாகச் சமைத்துத் தின்றார்கள் என்று சொன்னார்கள்; துவையல் ருசியா சுட்டது ருசியா என்பதில் இரண்டு பெண்களுக்குச் சண்டையே வந்தது. அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்த் தரையைப் பெயர்க்கச் சொன்னார். கிழங்கு இருந்தது. இடது பக்கமாகக் கிடந்தது. குனிந்து பார்த்தவருக்கு அது மூச்சு விட்டதும் கேட்டது. நிமிர்ந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேலை வேலைதான். ஊர் முழுக்கச் சேர்ந்து பொய் சொல்வதை அவர் முன்பும் பார்த்திருக்கிறார். பெண்டாட்டியைக் கூப்பிடு என்றார்.

முலுக் கையில் ஒட்டிய மாவோடு வந்தாள். ஒரு பக்கம் தரைக்குள் ஒருவன், இன்னொரு பக்கம் இரண்டு ஈட்டிகளுக்கு நடுவே ஒருவன்.

"உன் புருசன் எங்கம்மா?"

"செத்துட்டாருங்க" என்றாள், எப்போதும் பேசுகிற குரலில். இதுவரை அவள் இதை வாயால் சொன்னதில்லை. ஊரார் சொன்னார்கள், கபான் சொன்னாள், உக் சொன்னார். அவளிடம் யாரும் கேட்கவேயில்லை. சொன்ன வார்த்தை அவள் காதில் விழுந்தது. "செத்துட்டாரு" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். வாய் கோணியது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். அப்புறம் அழுதாள்.

வாசலில் நின்று சரி என்று சொன்ன நாளிலிருந்து வராமல் இருந்த ஏழு வருட அழுகை வந்தது. கபான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு அவள் தோளெல்லாம் நனைந்துவிட்டது. தண்ணீர் தரையில் ஓடத் தொடங்கியதும், வறட்சி பார்த்த ஊர் என்பதால் யாரோ ஓடிப்போய்ப் பானை கொண்டுவந்து வைத்தார்கள். அது நிறைந்தது. இரண்டாவது பானை வைத்தார்கள். "ஏன் போனீங்க?" என்று கேட்டு அழுதாள். அதைத் தரைக்குள் கிடந்தவனைப் பார்த்துக் கேட்டாள். "நாரு ஏறிடும்னு சொல்லிட்டுப் போனீங்களே, வேற ஒரு வார்த்தை வரலியா?" என்று கேட்டாள். அதை நின்றவனைப் பார்த்துக் கேட்டாள். லாமாத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். செத்தவன் பதில் சொல்லக் கூடாது. தோளில் கரணைக் கட்டு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது பானை பாதி நிறைந்தபோது அதிகாரி முற்றத்தில் ஒரு கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இப்படி ஓர் அழுகையை உயிரோடு இருக்கிற ஆளுக்காக யாரும் அழ முடியாது என்று எழுதுகிறவனிடம் சொன்னார். பேருக்கு நேராகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். எழுதுகிறவன் தூரிகையை நனைத்துவிட்டு, தரைக்குள் கிடப்பதற்கு என்ன எழுத்து போடுவது என்று தயங்கினான். சோளத்துக்கு எழுத்து இருந்தது, கொக்கோவுக்கு இருந்தது. மரவள்ளியை இதுவரை யாரும் எழுதியதில்லை. கடைசியில் 'மண்ணில் இருக்கிறான்' என்று போட்டான். போகும்போது ராஜாவுக்குக் காட்ட ஒரு கூடை வெட்டி எடுத்துக்கொண்டார்கள். அது வழியில் மூன்றாம் நாள் கறுத்து நாற்றமெடுத்ததால் ஆற்றில் கொட்டிவிட்டதாக உப்புக்காரர்கள் பிற்பாடு வந்து சொன்னார்கள்.

சாயங்காலம் முலுக் அடுப்பு மூட்டினாள். மண் ஓட்டில் கை பட்டது. "ஸ்ஸ், சுடுது" என்று கையை உதறி, விரலை வாயில் வைத்துக்கொண்டாள். லாமாத் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். பானையில் இருந்தது உப்புக் கரித்தது. கொட்ட மனமில்லாமல் அந்த வாரம் அதிலேயே அவரைக்காயை வேகவைத்தார்கள்.

அதற்குப் பிந்தைய வருடங்களில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை. மழை ஒழுங்காகப் பெய்தது. முலுக் துணியை மாற்றவில்லை, ஆனால் பாய்கள் இரண்டும் மேட்டின் ஒரே பக்கத்துக்கு வந்தன. அவன் கல் சுமக்கப் போன நாளிலிருந்து பத்தாவது வருடம் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பேர் வைக்க உக் வீட்டுக்குப் போனார்கள். பார்வை மங்கிவிட்டிருந்த அந்தக் கிழவர் விதைகளைப் பரப்பிக்கொண்டு முறைப்படி கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"தாய்?"

"முலுக்கு."

"தகப்பன்?"

"லாமாத்து."

"இருக்கானா?"

"இல்லீங்க. செத்து எட்டு வருசமாவுது" என்றாள் முலுக்.

உக் தலை நிமிராமல் நாலு நாலாக எண்ணினார். நாள் நன்றாகத்தான் இருக்கிறது, பிள்ளைக்குச் சளி மட்டும் பிடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, பிள்ளையைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் காட்டு என்றார். லாமாத் பிள்ளையைக் கை மாற்றிப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான்.